பட்டன் எந்தப் பக்கம்?

ஆண்கள் கோட்டில் பட்டன் வலது பக்கம் இருக்க வேண்டும், காஜா இடது பக்கம். போட்டுக்கொள்கிறவருடைய வலது, இடது. எதிரே நின்று பார்க்கிறவருடையது அல்ல. பெண்கள் உடுப்பில் இது அப்படியே மாறும். எனக்குத் தெரியாத விஷயங்கள் உலகத்தில் ஏராளம். இது தெரியும். சொல்லிக்கொடுத்தவர் எங்கள் டெய்லரண்ணன். போன வாரம் அவர் காலமானார். தெரு முக்கில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். அதில் அவருக்குக் கோட் மாட்டியிருக்கிறார்கள். பட்டன் இடது பக்கம்.

மதுரையில் மூன்று தலைமுறைக்குச் சட்டை தைத்த மனுஷனை லேடீஸ் கோட்டோடு வழியனுப்பியிருக்கிறோம்.

வீட்டில் சொன்னேன். "மனுஷனே போயிட்டாரு, இப்ப பட்டன்தான் குறையா?" என்றாள் மனைவி. தெருவில் சொன்னேன். ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிரிண்டிங் நல்லா வந்திருக்கு சார்" என்றார். யாருக்கும் உறைக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது அவர் என்னிடம் ஒன்று சொன்னார். உண்மையில் அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். முதலில் இந்தக் கோட்டை முடித்துவிடுகிறேன்.

கோட் எதற்கு? அவர் கோட் போட்டு அவரைப் பெற்ற தாயே பார்த்திருக்க மாட்டார். தைத்திருக்கிறார், நிறைய. எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் பலருக்கு ரிசப்ஷன் கோட் அவர் தைத்ததுதான். அந்தக் கோட்டுகள் ஒரு ராத்திரி வெளிச்சம் பார்த்துவிட்டு பீரோவுக்குள் போகும். தம்பி கல்யாணத்துக்கு வெளியே எடுத்தால் வயிற்றுக்கிட்ட பட்டன் எட்டாது, திரும்பவும் அவரிடமே வரும். அது வேறு கதை. அவர் போட்டது அரைக்கை வெள்ளைச் சட்டை, கழுத்தில் இன்ச் டேப். வருஷம் பூராவும் அவ்வளவுதான். டேப்போடேயே மீனாட்சி கோயிலுக்குப் போனபோது, சந்நிதியில் மாலை போட வந்த பட்டர் இவர் கழுத்தைப் பார்த்துத் தயங்கி நின்றார் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பேனரில் டேப் இல்லை. நேரே பிளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்னப் பையன். சின்னப் பையன்தான், ஆனால் எங்கள் வட்டாரத்தில் யார் எப்படிச் சிரிக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு முடி என்பதெல்லாம் அவன் கையில் இருக்கிறது.

"தம்பி, டெய்லரண்ணனுக்கு எதுக்குப்பா கோட்டு?"

"அவுக வீட்டுல குடுத்த போட்டோவுல கழுத்துல டேப்பு தொங்குச்சுண்ணே. நல்லாவா இருக்கு? அதேன் கோட்டு போட்டு மறைச்சேன்."

"சரி, பட்டன் ஏன் இந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்ணே?"

காட்டினேன். அவன் தன் சட்டையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி தன் சட்டையைப் பார்த்தான். தன் சட்டையில் பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அவன் அன்றுதான் கவனிக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

"ஓ, அதா. மிரர் அடிச்சதுண்ணே. மேல வலது மூலைல தலைவர் படம் இருக்குல்ல, அண்ணாச்சி அந்தப் பக்கம் பாக்காம இந்தப் பக்கம் பாத்தாரு. முதுகு காட்டுற மாதிரி இருக்குன்னு வட்டம் சொன்னாரு. அதேன் ஆளத் திருப்பிட்டேன்."

எந்தத் தலைவர் என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்சி பேனரிலும் ஒரு மூலை இருக்கிறது, அந்த மூலையில் ஒரு தலைவர் இருக்கிறார். செத்தவர் அவரைப் பார்த்தபடிதான் சாக வேண்டும். ஆளைத் திருப்பியதில் இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விட்டது. அண்ணி வாசலில் நின்று பேனரை ஒருதரம் பார்த்தார்களாம். "மச்சம் இந்தப் பக்கம் வந்துருச்சேப்பா" என்றார்களாம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்.

எனக்குக் கோட் விஷயம் இன்னும் ஆறவில்லை. "இது என்ன சைஸ் கோட்டுப்பா?" என்று கேட்டேன். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"சைஸெல்லாம் கெடையாதுண்ணே. இழுத்தா வரும்."

சைஸ் கிடையாது, இழுத்தால் வரும்! ஒரு மனுஷன் காலம் பூராவும் குனிந்து நிமிர்ந்து, அரை இன்ச், கால் இன்ச் என்று அடித்துக்கொண்டு செத்திருக்கிறான். அந்தப் பையன் எலியை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினான். கோட் அகலமானது. இன்னொரு இழுப்பு. ஒடுங்கியது. தோள் உயர்ந்தது, தாழ்ந்தது. டிரையல் இல்லை, டாக்கா இல்லை, நாளைக்கு வா இல்லை. நடு மேசையில் நிரந்தரமாக ஒரு கோட் கிடக்கிறது. தலைகள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன.

ஆமாம், அதே கோட்தான். எங்கே பார்த்தோம் என்று இத்தனை நாளாக மண்டையைக் குடைந்தது. அரிசிக்கடைக்காரர் மணிவிழாவில் இதே கோட். கேபிள்காரர் வீட்டுக் காதுகுத்தில் தாய்மாமன் மூன்று பேர், மூன்று பேருக்கும் இதே கோட். வார்டில் ஒருவருக்குக் கட்சிப் பதவி கிடைத்தபோது இதே கோட், அவர் அதைவிட்டு விலகியபோது எதிர்க்கட்சி வரவேற்பில் இதே கோட். ஆட்டோ ஸ்டாண்ட் ஆயுத பூஜையில் பதினோரு பேர் வரிசையாக, காக்கிச் சட்டைக்குப் பதில் இந்தக் கோட். கருநீலம். சிவப்பில் சாய்வுக் கோடு போட்ட டை. மேல் பையில் வெள்ளைக் கைக்குட்டை மூன்று முனையாக எட்டிப் பார்க்கும். எந்த ஊர்க்காரன் உடம்போ தெரியாது, நெஞ்சு நாற்பத்திரண்டு இருக்கும். அண்ணனுக்கு நெஞ்சு முப்பத்திநாலு. மூச்சை இழுத்துப் பிடித்தால் முப்பத்தைந்து. அந்த வெளிநாட்டு நெஞ்சின் மேல் அவர் தலையை வைத்தால் எப்படி இருக்கும்? திருஷ்டிப் பூசணிக்காய் மேல் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி இருக்கிறது.

தோளைப் பாருங்கள். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கும். அண்ணன் சொல்வார்: இரண்டு தோளும் ஒரே மட்டமாக இருக்கிறவன் லட்சத்தில் ஒருத்தன் கிடையாது. ஒன்று இறங்கித்தான் இருக்கும். பை தூக்கின தோள், பிள்ளை தூக்கின தோள், மூட்டை தூக்கின தோள். அதைப் பார்த்து வெட்டத் தெரியாதவன் தையற்காரனே இல்லை என்பார். எனக்கு இடது தோள் அரை இன்ச் இறக்கம். என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறவளுக்கு அது தெரியாது. அவர் நோட்டில் இருக்கிறது. அவருக்கு வலது தோள் நன்றாகவே இறங்கியிருந்தது, பெரிய கத்திரியைப் பிடித்துப் பிடித்து. பேனரில் அதைத் தூக்கி நேராக்கிவிட்டார்கள். அவர் வாழ்க்கையில் செய்த வேலைக்கு உடம்பில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அதுதான். அதையும் இழுத்துவிட்டார்கள்.

இன்னொன்று. அவருடைய பிழைப்பைக் கெடுத்ததே ரெடிமேட்தான். தையல் கூலியைவிடக் குறைந்த காசுக்குச் சட்டையே கிடைக்கிறபோது யார் துணி எடுத்து, அளவு கொடுத்து, அவர் சொல்கிற நாளைக்கெல்லாம் நடப்பார்கள்? கடைசிப் பத்துப் பதினைந்து வருஷம் அவருக்கு வந்தது பெரும்பாலும் ஆல்டர் வேலை. கடையில் வாங்கின சட்டையைக் கொண்டு வந்து கை குறைக்கச் சொல்வார்கள், பேண்ட் அடி மடிக்கச் சொல்வார்கள். அடுத்தவன் தைத்ததைப் பிரிக்கிறபோது அவர் முகத்தில் ஒரு கசப்பு வரும், சொல்ல மாட்டார். "எவன் தச்சான் இத, இன்ச்சுக்கு ஆறு தையல் போட்டிருக்கான்" என்பார், அவ்வளவுதான். அப்படி ரெடிமேடோடு மல்லுக்கட்டினவருக்குக் கடைசியில் உலகத்திலேயே ரெடிமேடான கோட்.

வாசகத்துக்கு வருவோம். 'உழைப்பின் சிகரமே! பாசத்தின் இமயமே! நேர்மையின் மறுபெயரே! உன் பிரிவால் வாடும்' என்று போட்டு, வாடுகிறவர்கள் படம் நாற்பதுக்குக் குறையாமல். எல்லாரும் சிரித்துக்கொண்டு வாடுகிறார்கள். இரண்டு பேர் கறுப்புக் கண்ணாடி. ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டே வாடுகிறார். உயிரோடு இருப்பவர்கள் படம் போட்டுப் பேனர் வைக்கக்கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. அது நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் எங்கள் பேனரில் டெய்லரண்ணன் ஒருவர்தான் மிஞ்சியிருப்பார். அவர் முகமும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

இதே சிகரமும் இமயமும் போன மாதம் கந்துவட்டிக்காரர் ஒருவர் போனபோதும் முளைத்தன. அவர் உழைப்பும் உழைப்புதான், மறுக்கவில்லை. காலை ஆறு மணிக்கே வசூலுக்குக் கிளம்புவார்.

எங்கள் குடியிருப்போர் வாட்ஸப் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். 'ஆழ்ந்த இரங்கல்' ஐம்பது. நடுவில் ஒருவர், 'கார்ப்பரேஷன் தண்ணி வந்துச்சா?' அதற்கு ஒருவர் கட்டை விரல். அந்தக் கட்டை விரல் தண்ணீருக்கா இரங்கலுக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.

சரி, ஆள் யார் என்று சொல்கிறேன். பிளெக்ஸ் சொல்லாததால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுமண்டபத்தில் காஜா எடுக்கிற பையனாகத் தொடங்கினவர். புதுமண்டபம் தெரியாதவர்கள் மதுரைக்கு வந்ததில்லை என்று அர்த்தம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டிய கல் மண்டபம். நாயக்கர் சாமிக்குக் கட்டினார், நாங்கள் டெய்லர்களுக்குக் கொடுத்துவிட்டோம். தூணுக்கு இரண்டு மெஷின். மீனாட்சி கல்யாணச் சிற்பத்துக்குக் கீழே மனிதக் கல்யாணத்துக்கு ஜாக்கெட் ஓடும். நாயக்க ராஜாக்கள் கைகூப்பி நிற்க, அவர்கள் காலடியில் பாவாடைக்கு நாடா கோப்பார்கள். சித்திரை வந்தால் போதும், கள்ளழகர் வேஷக்காரர்களும் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் அங்கேதான் வந்து நிற்பார்கள். தலைப்பாகை, ஜரிகை வைத்த சல்லடம் எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். நம்ம ஆள் அதில்தான் கை பழகினார். "சாமி வேசத்துக்கு அளவு கெடையாது தம்பி, ஆடுறதுக்கு எடம் விட்டுத் தைக்கணும்" என்பார். அந்தப் பழக்கத்தில் எனக்கும் ஆடுவதற்கு இடம் விட்டு ஒரு பேண்ட் தைத்தார். கல்லூரியில் அதைப் போட்டுக்கொண்டு நான் ஆடவில்லை. மற்றவர்கள் என்னைச் சுற்றி ஆடினார்கள்.

இப்போது அந்த மண்டபத்தில் கடைகள் இல்லை. பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு நல்லது என்கிறார்கள். நல்லதுதான். நாயக்க ராஜாக்களுக்குப் பேச்சுத்துணை போயிற்று.

அவர் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே வெளியே வந்து, தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் தனிக்கடை போட்டுவிட்டார். போர்டில் பெயிண்ட் உரிந்து 'டெய்லர்ஸ்' மட்டும் மிச்சம். பன்மையில் போட்டிருந்தாலும் உள்ளே டெய்லர் ஒருவர்தான். கறுப்பு உஷா மெஷின், வெட்டுகிற மேசை, மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் காந்தி. காந்தி ஏன் என்று கேட்டிருக்கிறேன். கேட்காமல் இருந்திருந்தால் அன்று வீட்டுக்குச் சீக்கிரம் போயிருப்பேன்.

1921 செப்டம்பர் 22. காந்தி மதுரைக்கு வந்து, மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் இனி அரையாடை மட்டுமே என்று முடிவெடுத்து, சட்டையைத் துறந்த நாள். பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகப் படித்தோம். அண்ணன் பார்வை வேறு. "ஊரு ஊராப் போனவரு, சட்டையக் கழட்ட மதுரையத்தேன் பிடிச்சாரு. நல்லவேள, மத்த ஆளுக அதப் பிடிச்சுக்கல. பிடிச்சிருந்தா நம்ம கத?" என்பார். அப்புறம் ஏன் படம்? அதற்கும் காரணம் வைத்திருந்தார். இயந்திரங்களை அவ்வளவு வைத காந்தி, 1924-இல் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனுஷன் கண்டுபிடித்த உருப்படியான சில பொருட்களில் அதுவும் ஒன்று என்பது அவர் எண்ணம். பெண்டாட்டி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சிங்கர் அந்த மெஷினைச் செய்தார் என்றும் காந்தி நம்பினார். அண்ணனுக்கு இந்தக் கதை உயிர். மாதம் ஒருதரம் சொல்வார்.

சிங்கர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1851-இல். அந்தப் பெண்டாட்டி பாசத்தைப் பற்றி நான் பிற்பாடு படித்தேன். ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம், பல பெண்கள் வழியாக இருபதுக்கு மேல் பிள்ளைகள். எந்தப் பெண்டாட்டியின் கஷ்டத்தைப் பார்த்து மெஷின் செய்தார் என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும். இதை அண்ணனிடம் சொல்லலாமா என்று பலமுறை யோசித்து, சொல்லவில்லை. ஒரே பெண்டாட்டி, மூன்று பிள்ளை, ஒரு மெஷின் என்று இருக்கிற மனுஷனிடம் போய் எதற்கு?

அவர் சொல்கிற 'நாளைக்கு' பற்றி எழுதினால் பத்திரிகையில் இடம் போதாது. உங்களுக்கும் ஒரு டெய்லர் இருந்திருப்பார், உங்களுக்குத் தெரியும். "முடிஞ்சிருச்சு தம்பி, காஜாவும் பட்டனும்தேன் பாக்கி." அடுத்த நாள் போனால் அந்தச் சட்டை இன்னும் துணியாகவே மடித்திருக்கும், கடைக்காரன் கட்டிக்கொடுத்த நூல்கூட அவிழ்க்காமல். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அவர் கடை வாசலில் நின்ற கூட்டத்தில் என் இளமையின் நல்ல பகுதி போயிருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

நோட்டைச் சொல்ல வேண்டும். நீளவாக்கில் மடக்குகிற பெரிய கணக்கு நோட்டு. அதில் யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. போஸ்ட்மாஸ்டர் போஸ்ட்மாஸ்டர்தான், நான் 'வாத்தியார் மகன்'. வேலைக்குப் போய், கல்யாணமாகி, காது ஓரம் நரைத்து, எனக்கே மகன் பிறந்து அவன் மீசை வைத்த பிறகும் 'வாத்தியார் மகன்'. இடுப்பு இருபத்திநாலில் தொடங்குகிறது. பழையதை அழிக்க மாட்டார், அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுவார். இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு என்று ஒரே வரியில் ஓடுகிறது. என் வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பின்வாங்காமல் முன்னேறிய விஷயம் அந்த ஒரு வரி. கடையில் நாலு பேர் இருந்தால் அளவைச் சத்தமாகச் சொல்ல மாட்டார். "முப்பத்தாறு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, எழுதுகிற பையனைப் பார்த்து இரண்டு விரல் காட்டுவார். அந்த இரண்டை அவன் கூட்டிக்கொள்ள வேண்டும். நான் அதைப் பார்க்காத மாதிரி சுவரில் காந்தியைப் பார்ப்பேன். இந்த மரியாதை எந்த பிராண்டும் எனக்குச் செய்ததில்லை. கடையில் இப்போது லேபிளில் மூன்று எக்ஸ் போட்டு முதுகில் தொங்கவிடுகிறார்கள்.

'நேர்மையின் மறுபெயரே' என்று போட்டிருக்கிறது. இங்கே எனக்கு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது.

நான் ஒன்பதாவது படிக்கிறேன். முதல் முழுக்கைச் சட்டை. அப்பா விளக்குத்தூணில் துணி எடுத்தார். பச்சையும் பழுப்பும் கலந்த கட்டம். சின்னப் பன்னா, அதனால் ரெண்டேகால் மீட்டர் கிழிக்கச் சொன்னார். முழுக்கைக்கு அது தாராளம். அண்ணன் வாங்கி, உதறி, முகத்தைச் சுளித்து, "பாப்போம் தம்பி" என்றார். தீபாவளி விடிகாலை சட்டை வந்தது. அரைக்கை. "கட்டம் சேக்கணும்ல தம்பி, துணி இழுத்துருச்சு. பத்தல." அழுதேன். அப்பா, "அரைக்கைதான்டா காத்தோட்டம்" என்றார்.

தை மாதம் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. கூட்டத்தில் டெய்லரண்ணன் குடும்பத்தோடு நிற்கிறார். இளையவனைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார். அந்தப் பயல் போட்டிருந்த சட்டையில் முன்பக்கம் பச்சையும் பழுப்பும் கலந்த கட்டம். என் கட்டம். முதுகு போஸ்ட்மாஸ்டருடையது, காலரும் பையும் ஜவுளிக்கடை முதலாளியுடையது. தெப்பத்தில் மீனாட்சியும் சொக்கரும் சுற்றி வருகிறார்கள், நான் அந்தப் பயலின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் இரண்டு கைகளும் அங்கே இருந்தன. கட்டம் அழகாகச் சேர்ந்திருந்தது. என் சட்டையில்கூட அவ்வளவு சுத்தமாகச் சேரவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு நிமிஷம் திகைத்தார் என்று நினைக்கிறேன். பிறகு நேரே வந்து எனக்கு ஒரு கரும்பு வாங்கிக் கொடுத்தார். இரண்டு கைக்கு ஒரு கரும்பு. கணக்கு நேராகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

ஆனால் அந்த வீட்டில் மூன்று பிள்ளையும் அப்படித்தான் வளர்ந்தார்கள், ஊராருடைய கால் மீட்டர்களில். அண்ணி ராத்திரி பன்னிரண்டு வரை ஹெம்மிங் போடுவார்கள், ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டுவார்கள். மகள் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வந்து கடையிலேயே பாடம் படிப்பாள், மெஷின் சத்தத்தில். தீபாவளிக்கு ஊர் முழுக்க வெடி வெடிக்கிறபோது அந்தப் பெண் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பழைய பாவாடையில் கடை வாசலில் நிற்கும். வாடிக்கைக்காரர்களின் கடைசிச் சட்டை போன பிறகுதான் அவளுடையது மெஷினில் ஏறும். ஒரு வருஷம் ஹூக் கட்ட நேரமில்லாமல் ஊக்குக் குத்திக்கொண்டு போனாள். அந்தப் பெண் இன்று ஊசி போடுகிற வேலையில்தான் இருக்கிறாள், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். அப்பா பிடித்த ஊசியைவிட்டு அவளும் விலகவில்லை. மூத்தவன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. சாவுக்கு வந்திருந்தான். கழுத்து வளைந்த டி-ஷர்ட். காலர் இல்லை, பட்டன் இல்லை, காஜா இல்லை. காஜா எடுத்துச் சேர்த்த காசில் இன்ஜினியரிங் படித்தவன். அவனைக் குறை சொல்லவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

இளையவன், என் கட்டத்தைப் போட்டவன், இங்கேயே செல்போன் கடை வைத்திருக்கிறான். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்குவது பற்றிப் பேசப் போனேன். அப்பாவின் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்பக்கத்திலிருந்து கடன் கணக்கு. தையல் கூலி பாக்கி. பெயர் வழக்கம்போல் பட்டப்பெயர்தான், ஆனால் தெருக்காரனுக்கு ஆளைத் தெரியாதா? இவன் விரலை நோட்டில் வைத்தான், நிமிர்ந்து ஜன்னல் வழியே பேனரைப் பார்த்தான், அடுத்த வரிக்குப் போனான். மறுபடி பேனர். எனக்குப் புரிந்துவிட்டது. 'உன் பிரிவால் வாடும்' பட்டியலில் பாதிக்கு மேல் நோட்டிலும் வாடுகிறது. கறுப்புக் கண்ணாடிக்காரர் இரண்டு சஃபாரி சூட்டுக்கு இன்னும் கொடுக்கவில்லை. சஃபாரி சூட் போட்ட காலமே முடிந்துபோயிற்று.

"பேனர் செலவு யாருப்பா?" என்றேன்.

"எங்கிட்டத்தேன் வாங்குனாங்க. நண்பர்கள் சார்பான்னு போட்டுக்கிட்டாங்க."

ஆறுக்குப் பத்து, சதுர அடிக் கணக்கு, கட்டுக்கம்பி தனி. கோட்டுக்குத் தனிக் காசு வாங்கவில்லையாம். அந்த மட்டும் சந்தோஷம்.

இப்போது, அவர் கடைசியாக என்னிடம் சொன்னதைச் சொல்ல வேண்டும். சொல்லலாம்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அவருக்கும் தெருமுனைப் பழைய துணிக்காரர் ஒருவருக்கும் இருந்த தகராறைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பெல்பாட்டம் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆசிரியர் கொடுத்த அளவு தாண்டிவிட்டது. அதனால் நாளைக்குச் சொல்கிறேன். எழுதியே வைத்துவிட்டேன், காஜாவும் பட்டனும்தான் பாக்கி.

இளையவன் உங்களிடம் சொல்லச் சொன்னது ஒன்று இருக்கிறது, அதை மட்டும் இங்கே போட்டுவிடுகிறேன். கடை இந்த மாதக் கடைசி ஞாயிறு வரை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை திறந்திருக்கும். தைக்கத் துணி கொடுத்தவர்கள் சீட்டைக் கொண்டுவந்து வாங்கிக்கொள்ளவும். சீட்டைத் தொலைத்தவர்கள் துணியின் நிறத்தைச் சொன்னால் போதும். தைத்து முடித்தது ஒன்பது உருப்படி, வெட்டி வைத்தது நாலு, மற்றதெல்லாம் துணியாகவே இருக்கிறது. கூலி பாக்கி உள்ளவர்கள் சில்லறையாகக் கொண்டுவரவும்.